வாலாட்டும் டிரெய்லரும் ஒழுகும் பின்கதவும்: விற்கத் தொடங்குமுன்

கேள்வி: என் கணவர் தச்சு வேலை செய்பவர். கொழுந்தனாருக்கு வெல்டிங் பட்டறை அனுபவம் உண்டு. மாமனார் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். கணக்கும் மெத்தை, திரை தைப்பதும் என் பொறுப்பு. காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய கேம்பிங் டிரெய்லர் ஒன்றை எங்களுக்காகச் செய்தோம். பாடி 8 அடி நீளம், 5 அடி அகலம். உள்ளே இருவர் படுக்கலாம். பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. பார்த்தவர்களில் மூன்று பேர் தங்களுக்கும் வேண்டும் என்று முன்பணம் தரத் தயாராக இருக்கிறார்கள். ஒருவருக்கு இதே அளவு, ஒருவருக்கு 10 அடி, மூன்றாமவருக்குச் சமையல் மேடை பக்கவாட்டில். குறை இரண்டு: 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் டிரெய்லர் வாலாட்டுகிறது, அதாவது இடமும் வலமுமாக ஆடுகிறது. மழையில் பின்கதவின் மேல் மூலைகளில் தண்ணீர் இறங்குகிறது. ஆக்சிலை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் தண்டை, பாடியின் சரிபாதியில் வைத்தோம். முன்பக்கத்தை ஒரே கையால் தூக்கிவிடலாம். இதைக் குடும்பத் தொழிலாக நடத்த முடியுமா? விலை எப்படி வைப்பது?

பதில்: முடியும். ஒரு டிரெய்லருக்கு வேண்டிய நான்கு கைவேலையும் ஒரே வீட்டில் அமைவது அரிது. ஆனால் அந்த முன்பணத்தை இப்போது கையில் வாங்காதீர்கள். வாலாட்டம் உயிருக்கே ஆபத்து. ஒழுகல், வாங்கியவரை ஓராண்டுக்குள் உங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். இரண்டுக்கும் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஒரே கையால் தூக்க முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வசதி என்று நினைக்க வேண்டாம்; வாலாட்டத்துக்கு அதுதான் காரணம். டிரெய்லரின் முன்முனையிலுள்ள பூட்டு கப்ளர்; காரின் பின்னால் அது பூட்டும் உருண்டை ஹிட்ச் பால். கப்ளர் அந்தப் பால் மீது கீழ்நோக்கி அழுத்தும் எடையை முன்சுமை என்று வைத்துக்கொள்வோம். சாமான் ஏற்றிய மொத்த எடையில் ஏறத்தாழ 10 சதவீதம் முன்சுமையாக இருந்தால் சிறிய டிரெய்லர் நேராக வரும். பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் என்று பரிந்துரைக்கிறார்கள். அமெரிக்காவில் 10 முதல் 15. இவற்றுக்கெல்லாம் கீழே போனால், காற்றோ பள்ளமோ ஒருமுறை பக்கவாட்டில் தள்ளிய டிரெய்லர் அடங்குவதற்குப் பதில் அடுத்த வீச்சில் இன்னும் அகலமாக ஆடும். வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்கும் தன்மை குறையும். 60இல் தெரியாத குறை 80இல் தெரிவது இதனால்தான்.

கணக்கு எளிது. மொத்த எடையை, எடைமையம் (எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) ஆக்சிலுக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்ற தூரத்தால் பெருக்கி, கப்ளரிலிருந்து ஆக்சில் வரையுள்ள தூரத்தால் வகுத்தால் முன்சுமை வரும். உங்கள் பாடி 2.44 மீட்டர், முன்னால் நீளும் இழுதண்டு 1.2 மீட்டர் என்று கொண்டால், கப்ளரிலிருந்து ஆக்சில் வரை 2.42 மீட்டர். மொத்த எடை 550 கிலோ என்றால் 55 கிலோ முன்சுமைக்கு எடைமையம் ஆக்சிலுக்கு 24 செ.மீ. முன்னால் விழ வேண்டும். நீங்களோ ஆக்சிலை நடுவில் வைத்துவிட்டுச் சமையல் சாமான் முழுவதையும் அதற்குப் பின்னால் ஏற்றியிருக்கிறீர்கள். ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால் 50 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது மட்டுமே முன்சுமையில் 21 கிலோவைத் தின்றுவிடும். 28 கிலோ எடையுள்ள லெட் ஆசிட் பேட்டரியும் அங்கேயே இருந்தால் இன்னும் 12 கிலோ போகும்.

முதலில் அளந்து பாருங்கள். சமதளத்தில், சக்கரங்களுக்கு அடை கொடுத்து, தண்ணீர், அடுப்பு, மெத்தை எல்லாம் ஏற்றிய நிலையில், காரின் ஹிட்ச் பால் உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டி, அதை உடல் எடை பார்க்கும் தராசின் மீது நிறுத்தி அதன் தலையில் கப்ளரை இறக்குங்கள். தராசு 15 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலை 20 செ.மீ. பின்னுக்குத் தள்ளினால் அது ஏறக்குறைய 56 கிலோவாகிவிடும். பேட்டரியை மட்டும் பின்னாலிருந்து எடுத்து, ஆக்சிலுக்கு 1.5 மீட்டர் முன்னால், இழுதண்டுப் பெட்டிக்குள் வைத்தால் 29 கிலோ கூடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 80 கிலோவைத் தாண்டிவிடும். சிறிய கார்களின் ஹிட்ச் அதைத் தாங்காது. காரின் ஹிட்ச் தகட்டில் பொறித்த வரம்பைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். முன்சுமை மிகுந்தால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி தளர்ந்து, ஸ்டீயரிங் லேசாகிவிடும்.

எங்கள் பரிந்துரை: ஆக்சிலைப் பின்னே நகர்த்துங்கள், தண்ணீர்த் தொட்டியை ஆக்சிலுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். தொட்டி ஆக்சில் மேல் இருந்தால் அது நிறைந்திருந்தாலும் காலியானாலும் முன்சுமை மாறாது. வாங்குபவர் தொட்டியை எப்படி வைத்துக்கொண்டு ஓட்டுவார் என்பது உங்கள் கையில் இல்லை. அடுத்த சேசிஸில் (அடிச்சட்டத்தில்) ஆக்சிலை நேரடியாக வெல்டு செய்ய வேண்டாம். போல்ட் போடும் பிராக்கெட்டில் நீள்துளை வெட்டி, பாடி ஏறிய பிறகு முன்சுமையை அளந்து, இடம் உறுதியானதும் இறுக்கச் சொல்லுங்கள். மாதிரி ஒன்று நிலைத்துவிட்டால் அந்த அளவையே மற்றவற்றுக்கும் வைக்கலாம்.

கொழுந்தனாருக்குச் சேசிஸ் பற்றி இன்னொன்று. இந்த வகை டிரெய்லரில் விரிசல் விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: இழுதண்டு, பாடியின் முன் குறுக்குச் சட்டத்தைத் தாண்டி வெளியே வரும் புள்ளி. வளைவு விசை உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் குழாயின் மேல்முகத்திலோ கீழ்முகத்திலோ குறுக்காக வெல்டு ஓட்டினால், ஓட்டின கோட்டின் ஓரத்திலேயே விரிசல் தொடங்கும். பக்க முகங்களில் நீளவாக்கில் மட்டும் வெல்டு செய்யட்டும். அந்தப் புள்ளியில் துளையும் போட வேண்டாம். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களும் 2 மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்த பிறகே முழு வெல்டு. அதையும் எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிச் செய்தால் முறுக்கு விழாது. கப்ளர் வாங்கும்போது 50 மி.மீ. அளவும் 2 அங்குல அளவும் ஒன்றல்ல என்பதை மறக்கக் கூடாது. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. அந்தக் கப்ளர் 50 மி.மீ. பால் மீது பூட்டிவிட்டது போலவே தெரியும். மேடு ஏறி இறங்கும்போது கழன்று வர வாய்ப்புண்டு. பாதுகாப்புச் சங்கிலிகள் இழுதண்டுக்குக் கீழே குறுக்காகப் போக வேண்டும். அப்போதுதான் கப்ளர் கழன்றாலும் இழுதண்டு தரையில் குத்தாமல் சங்கிலி மேல் விழும்.

இனி பின்கதவு. மேல் மூலைகள் இரண்டிலும் ஒரே மாதிரி ஒழுகுகிறது என்றால் சீலன்டை, அதாவது இடைவெளி அடைக்கும் பசையை, குறை சொல்லிப் பயனில்லை. கதவின் வளைவு விரிந்திருக்கிறது. வளைத்து ஒட்டிய பிளைவுட் அச்சிலிருந்து வெளியே வந்ததும் கொஞ்சம் நிமிரப் பார்க்கும். கதவு அப்படி நிமிர்ந்தால் கீழே பூட்டு இழுத்துப் பிடிக்கும், மேல் மூலைகளில் ரப்பர் அமுங்காமல் இடைவெளி விழும். ஒரு தாள் துண்டை ரப்பருக்கும் கதவுக்கும் நடுவில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். எங்கே தடையில்லாமல் உருவி வருகிறதோ அங்கேதான் தண்ணீர் வரும். உங்கள் வண்டியில் கீல் அருகில் உருவி வரும், கீழே வராது என்று எதிர்பார்க்கிறோம்.

கதவின் விலா எலும்புகளை, அதாவது வளைவைத் தாங்கும் உள்சட்டங்களை, பக்கச் சுவர் வெட்டிய அதே டெம்ப்ளேட்டிலிருந்து (அளவுப் பலகையிலிருந்து) வெட்ட வேண்டும். ஒரே 6 மி.மீ. பலகையை வளைப்பதற்குப் பதிலாக 3 மி.மீ. பலகை இரண்டை, நடுவில் பசையோடு, விலாக்களின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாக வளைத்து ஒட்டுங்கள். பசை காய்ந்த பின் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் நிமிர்வு வெகுவாகக் குறையும். கதவை பாடியின் மீதே வைத்து, நடுவில் பாலித்தீன் தாள் விரித்து, குறைந்தது 24 மணி நேரம் கிளாம்பில் இருக்கட்டும். குளிரான இடத்தில் எபாக்ஸி பசை இன்னும் அதிக நேரம் கேட்கும். அவசரப்பட்டுக் கழற்றிய கதவைப் பிறகு எந்த ரப்பரும் காப்பாற்றாது.

இருந்தாலும் ஒரே ரப்பரை நம்பி வடிவமைக்காதீர்கள். வண்டி ஓடும்போது காற்றழுத்தம் தண்ணீரை ரப்பரைத் தாண்டித் தள்ளும். வெளி ரப்பரைக் கடந்த நீர் விழுவதற்குப் பக்கச் சுவரின் உள்விளிம்பு நெடுகிலும் ஒரு அலுமினியக் கால்வாய், அதன் அடியில் வெளியே வடியும் திறப்பு, அதற்கு உள்ளே இரண்டாவது ரப்பர். ஒழுகாமல் நிற்கும் டிரெய்லர்களில் தண்ணீர் உள்ளே வராமல் இருப்பதில்லை; வந்த தண்ணீருக்கு வெளியேற வழி இருக்கிறது.

சோதனைக்குக் குழாயில் அழுத்தமில்லாமல் தண்ணீர் விடுங்கள். கீழ் இணைப்பிலிருந்து தொடங்கி மேலே ஏற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இணைப்பும் ஒன்றாக நனைந்து, எது ஒழுகியது என்றே தெரியாது. முன்பக்கம் உயர்த்தி ஒருமுறை, தாழ்த்தி ஒருமுறை. சமதளத்தில் ஒழுகாத கதவு சரிவில் நிறுத்தினால் ஒழுகும். இன்னொரு வழி, கதவு, ஜன்னல் எல்லாம் மூடி, ஒரு துவாரத்தின் வழியே ஊதுகாற்று இயந்திரத்தால் உள்ளே காற்றைச் செலுத்தி, வெளியே இணைப்புகளில் சோப்பு நீர் தடவுவது. குமிழி வரும் இடம் ஓட்டை. ரப்பர் கதவைவிட நிலையான இணைப்புகளில் இது துல்லியமாகக் காட்டும்.

ஒழுகும் இடத்தில் சிலிகான் பூசியிருக்கிறீர்களா? பெரும்பாலோர் முதலில் செய்வது அதுதான். சிலிகான் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது, புதிய சிலிகானும் சரியாக ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் சீலன்டுக்கு மாறுங்கள். விளிம்புப் பட்டைகளுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) போதும். திருகை ஒரே நாளில் முழுக்க முறுக்காமல், டேப் பிதுங்கி வரவர இரண்டு மூன்று தவணையாக முறுக்க வேண்டும். வெளியிலிருந்து பிளைவுட்டுக்குள் போகும் ஒவ்வொரு 4 மி.மீ. திருகுக்கும் முதலில் 8 மி.மீ. துளை போட்டு, கெட்டியான எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பின் அதன் நடுவில் 3 மி.மீ. துளையிட்டுத் திருகுங்கள். நேரம் எடுக்கும். பிறகு திருகு வழியாக ஈரம் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. பிளைவுட் அழுகுவது முகத்திலிருந்து அல்ல, வெட்டிய ஓரத்திலிருந்தும் துளையிலிருந்தும்தான்.

வெளித்தோல் அலுமினியத் தகடா? 2.44 மீட்டர் தகடு 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 2.2 மி.மீ. நீளும். அதை மரத்தின் மீது முழுவதும் பசை போட்டு ஒட்டினால் வெயிலில் குமிழ் எழும். ஓரப் பட்டைகள் மட்டும் பிடித்துக்கொள்ள, தகடு நகர இடமிருக்கட்டும். தகட்டில் போடும் துளை திருகைவிட 2 மி.மீ. பெரிதாக இருக்கட்டும்.

எடைக்கு வருவோம், ஏனென்றால் விலையும் சட்டமும் அதைப் பிடித்தே நடக்கின்றன. 8க்கு 4 அடி, 12 மி.மீ. பிளைவுட் ஒன்று 20 முதல் 23 கிலோ. 18 மி.மீ. என்றால் 30க்கு மேல். 25 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகையின் இரு பக்கமும் 3 மி.மீ. பிளைவுட் ஒட்டினால் 13 முதல் 15 கிலோவில் வெப்பத்தடையும் சேர்ந்து கிடைக்கும். நுரைக்குச் சாதாரண கான்டாக்ட் பசை ஆகாது. அதிலுள்ள கரைப்பான் நுரையைக் கரைத்துக் குழிபறித்துவிடும். பாலியூரித்தேன் பசையோ எபாக்ஸியோ போடுங்கள். கீல், பூட்டு வரும் இடங்களில் நுரைக்குப் பதில் மரக்கட்டை பதித்துவிட வேண்டும். ஐ.நா. வாகன வகைப்பாட்டில் ஏற்றிய எடை 750 கிலோ வரையிலான டிரெய்லர் ஓ1 வகை. அந்த எல்லைக்குள் இருந்தால் பல நாடுகளில் தனி பிரேக் கட்டாயமில்லை. அதைத் தாண்டினால் பிரேக், அதற்கான ஆக்சில், அதற்கான சோதனை என்று வேலை வேறாகிவிடும். உங்கள் 8 அடி மாதிரியை அதற்குள் வைத்திருப்பது எளிது. 10 அடியில், பயணச் சாமானோடு, கஷ்டம்.

மாமனாருக்குச் சொல்ல அதிகமில்லை. அவர் தொழில் அவருக்குத் தெரியும். வீட்டு மின்சாரத்தில் பழகியவர்கள் 12 வோல்ட்டில் வயரை மெலிதாகப் போட்டுவிடுவதுண்டு, அதை மட்டும் கவனிக்கட்டும். 4 ஆம்பியர் இழுக்கும் ஃபிரிட்ஜுக்குப் போக வர 10 மீட்டர் வயர், 1 சதுர மி.மீ. தடிமனில் 0.7 வோல்ட்டை விழுங்கிவிடும். பேட்டரி பாதி இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுபோகும். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.28தான். ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே இருக்க வேண்டும். பின்விளக்குகளுக்குத் தனி எர்த் வயர் இழுங்கள். ஹிட்ச் பால் வழியே எர்த் கிடைக்கும் என்று விட்டால் விளக்குகள் மினுக்கும்.

அடுப்பு வெளியே, எரிவாயு உருளை இழுதண்டின் மேல். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே அது நுழையக்கூடிய எந்த அடைப்பிலும் அடித்தளத்தில் மூட முடியாத திறப்பு வேண்டும். படுக்கை அறையில் இரண்டு நிலையான காற்றுத் துவாரங்கள், ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். இதை வாங்குபவர் விருப்பத்துக்கு விடாதீர்கள்.

இப்போது தொழில். மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்கிறார்கள். மூன்றையும் ஒப்புக்கொண்டால் நீங்கள் செய்யப்போவது மூன்று முதல் டிரெய்லர்கள். ஒவ்வொன்றிலும் புதிய எடைமையம், புதிய வளைவு, புதிய ஒழுகல். சிறு குடும்பத்துக்கு லாபம் வருவது திரும்பச் செய்வதில்தான். 8 அடி மாதிரியை நிலைநிறுத்துங்கள். நிறம், மெத்தைத் துணி, சாக்கெட் எண்ணிக்கை, அலமாரிக் கதவின் மரம் ஆகியவற்றை வாங்குபவர் தேர்ந்துகொள்ளட்டும். நீளம், ஆக்சில் இடம், பின்கதவின் வளைவு, ஜன்னல் துளை நான்கும் பேச்சுக்கு இடமில்லாதவை.

சுவருக்கு 12 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒரே ஒரு டெம்ப்ளேட் செய்து, ரூட்டரில் (விளிம்பு செதுக்கும் மின்கருவியில்) பேரிங் வைத்த டிரிம் பிட் போட்டு அதைப் பின்பற்றி இரண்டு சுவரையும் வெட்டினால் இடமும் வலமும் ஒன்றாக இருக்கும். சேசிஸுக்குத் தரையில் நிலையான அச்சு. கூரைக்கு 8 அடிப் பலகையைக் குறுக்காகப் போட்டு 5 அடிக்கு வெட்டுங்கள். பலகையின் ரேகை வண்டியின் அகலவாக்கில் போவதால் சுலபமாக வளையும், மிஞ்சும் 3 அடித் துண்டு அலமாரிக் கதவாகும். கூரை இணைப்பு எப்போதும் குறுக்குச் சட்டத்தின் மேல் விழ வேண்டும். இரண்டு வண்டிகளை ஒன்றாக எடுத்தால் ஒன்றில் பசை காயும்போது மற்றதில் கை ஓடும். பெயின்ட் அடிக்கும் இடமும் மரத்தூள் பறக்கும் இடமும் தனித்தனி.

விலை உங்கள் பொறுப்பு என்பதால் இது நேராக உங்களுக்கு. இரண்டாவது வண்டியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் யார், எத்தனை மணி நேரம் என்று அன்றன்றே குறித்து வாருங்கள்: சேசிஸ், சுவர், கூரை, கதவு, வயரிங், உள்வேலை, தையல், சோதனை. முதல் வண்டியின் நேரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அதில் பாதி யோசித்த நேரம். பொருள் செலவில் உப்புத்தாள், டிஸ்க், கையுறை, வெல்டிங் வாயு, வெட்டி மிஞ்சிய பலகை, பொருள் கொண்டுவந்த வண்டி வாடகை வரை சேருங்கள். பிறகு நால்வருக்கும் கூலி எழுதுங்கள். மாமனாரின் வயரிங்கையும் உங்கள் தையலையும் வீட்டு வேலை என்று விட்டுவிட்டால், விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் குடும்பம் கையிலிருந்து கொடுக்கிறது. நாளை அவருக்குப் பதில் வெளியாள் வைக்க வேண்டி வந்தால் விலை தாங்காது. இதன் மேல் இடவாடகை, மின்சாரம், காப்பீடு ஆகியவற்றின் பங்கு, உத்தரவாதக் காலத்தில் திரும்பி வரும் வேலைக்கு ஒரு ஒதுக்கீடு, கடைசியில் லாபம்.

முன்பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்த வண்டிக்கான பொருளுக்கு மட்டும் எடுங்கள். இந்தத் தொழில் பெரும்பாலும் கவிழ்வது இங்கேதான். புதிதாக வந்த முன்பணத்தில் பழைய வண்டியை முடிப்பார்கள், அடுத்தவர் வராவிட்டால் எல்லாம் நின்றுவிடும். ஆர்டர் பதிவின்போது ஒரு பங்கு, சேசிஸ் மேல் சுவர் நின்றதும் ஒரு பங்கு, ஒப்படைக்கும்போது மீதி என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த உபயோகத்துக்குச் செய்ததற்கும் விற்பதற்குச் செய்வதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. உற்பத்தியாளர் பதிவு, 17 எழுத்து வாகன அடையாள எண், எடைத் தகடு, விளக்கு, பிரதிபலிப்பான் விதிகள், பொருளால் விளையும் விபத்துக்கான பொறுப்புக் காப்பீடு: இவற்றைப் போக்குவரத்து அதிகாரியிடமும் காப்பீட்டாளரிடமும் முதல் விற்பனைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சோதிக்கப்பட்ட ஆக்சிலும் கப்ளரும் சான்றிதழோடு வாங்கினால் பாதி வேலை எளிதாகும். அவற்றைப் பட்டறையில் செய்ய முயல வேண்டாம்.

ஒப்படைக்கும் நாளில் அந்த வண்டியின் வெற்று எடை, முன்சுமை, ஏற்றக்கூடிய அளவு மூன்றையும் எழுதிய தாள் கையில் கொடுங்கள். முதல் 80 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானரால்) மறுபடி இறுக்க வேண்டும், அப்போதே ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் கைவைக்க முடியாமல் சுட்டால் பேரிங்கை அதிகம் இறுக்கியிருக்கிறது. வாலாட்டினால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

காத்திருக்கும் மூவரில், இதே அளவு கேட்டவரிடம் ஆக்சிலை மாற்றிய உங்கள் வண்டியைக் காட்டி, அதை இரண்டு நாள் இழுத்துப் பார்க்கக் கொடுங்கள். அவர் வண்டி முதலில். 10 அடி கேட்டவரிடம் இப்போது செய்வதில்லை என்று சொல்லிவிடுங்கள். பக்கவாட்டுச் சமையல் கேட்டவருக்குப் பின்கதவு மேடையில் ஒருமுறை சமைத்துக் காட்டுங்கள். அவருக்கு வேண்டியது பக்கவாட்டு மேடையா, மழையில் நிற்க ஒரு நிழலா என்று கேட்டுப் பாருங்கள். நிழல்தான் என்றால் பக்கச் சுவரில் ஒரு விரிபந்தல் மாட்ட நாலு போல்ட் போதும்.